பலாமரத்தண்டை இடது கைப்பக்கம்

மலையடிவாரத்தில் குடியிருப்பவனுக்கு மலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. வெளியூர்க்காரர் யாராவது விசாரித்தால் மட்டும் அந்த நிமிடமே அது அவனுடைய சொந்த மலையாகிவிடும். எங்கே என்ன இருக்கிறது, எந்த மாதம் போகலாம், போனால் என்ன சாப்பிடலாம் என்று எல்லாவற்றையும் சொல்லுவான். (நான் சொன்னேன்.)

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை நீளமாகப் படுத்துக் கிடக்கும். துணி காயப்போடுவதற்கு முன்னால் அம்மா அதை ஒரு பார்வை பார்ப்பாள். மேகம் இறங்கியிருந்தால் அன்றைக்குத் துணி வீட்டுக்குள்ளேயே காயும். எங்கள் குடும்பத்துக்கும் மலைக்கும் இருந்த போக்குவரத்து அவ்வளவுதான். மேலே என்ன இருக்கிறது என்று சின்ன வயதில் அப்பாவைக் கேட்டிருக்கிறேன். "இன்னா இருக்கும், இன்னும் கொஞ்சம் மலைதான் இருக்கும்" என்றார்.

பிறந்த நாள் விஷயத்திலும் நாங்கள் அப்படித்தான். எனக்கும் என் அண்ணனுக்கும் பள்ளிக்கூடப் பதிவில் ஒரே பிறந்த நாள். நாங்கள் இரட்டையர் இல்லை. ஜூன் ஒன்றாம் தேதி சேர்க்கப் போனார்கள், வாத்தியார் இருவருக்கும் அந்தத் தேதியையே போட்டுவிட்டார். ஆனால் என் மனைவி சுமதி விழுப்புரத்துக்காரி. அவள் அப்பா பாங்கில் வேலை பார்த்தவர். அந்த வீட்டில் பிறந்த நாள் என்றால் புதுத்துணி, பாயசம், கோயில், சினிமா எல்லாம் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு வந்த அவளுடைய முதல் பிறந்த நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

எல்லாம் ஒரு போட்டோ ஆல்பத்தில் ஆரம்பித்தது. சுமதியின் அக்கா ராணியும் அவள் புருஷன் கோபாலும் பினாங்கிலிருந்து லீவுக்கு வந்திருந்தார்கள். கோபால் எனக்குச் சகலை. எலவனாசூர்கோட்டையில் பிறந்து, பினாங்கில் ஒரு ஓட்டலில் மேலாளராக இருந்தவர். நல்ல மனிதர். ஒரே குறை, எதைக் காட்டினாலும் அது பினாங்கில் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவார். கோமுகி அணையைப் பற்றிப் பேசினால் கடலைப் பற்றிச் சொல்லுவார்.

"இது அக்கா பொறந்த நாளுக்குப் போனது" என்று சுமதிக்கு ஆல்பத்தைத் திருப்பிக் காட்டினார். "பினாங்கு ஒரு தீவுதானே. தீவு நடுவுல மலை. மலை உச்சியில தோட்டம். ரயில்லயே ஏறிடலாம். மேல நின்னா ஒரு பக்கம் பூ, ஒரு பக்கம் கடல்."

படத்தில் ராணி பெரிய பெரிய பூக்களுக்கு நடுவில் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் மேகம், அதற்கும் பின்னால் நீலமாக ஏதோ. சுமதி அந்தப் பக்கத்தை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "நல்லா இருக்கு" என்றாள்.

(கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத ஆண்பிள்ளையைக் கெடுக்க இந்த இரண்டு வார்த்தை போதும்.)

"அடுத்த வாரம் சுமதிக்குப் பொறந்த நாளாச்சே. நீங்க இன்னா பண்ணப் போறீங்க, சகல?" என்று கேட்டார் கோபால்.

"மலைக்குப் போறோம்" என்றது என் வாய்.

"எந்த மலைக்கு?"

"நம்ம மலைக்குத்தான். மேல பிரமாதமான தோட்டம் ஒண்ணு இருக்கு. எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன்."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எப்படா பண்ண?"

மறுநாள் காலையில் பண்ணினேன். எனக்குப் பம்புசெட்டு சாமான் கடை. மலை மேலிருந்து பொன்னுசாமி என்று ஒருவர் வாடிக்கையாக வருவார். பேச்சு கம்மி. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவார். அன்றைக்கு அவர் மோட்டாருக்கு ஃபுட்வால்வு வாங்க வந்தது என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

"பொன்னுசாமி, மேல தோட்டம் எதுனா இருக்குதா?"

"இருக்குதுங்க."

"பூ இருக்கணும். மேல நின்னா கீழ ஊரு தெரியணும்."

"என் தோட்டத்துலயே ரெண்டும் இருக்குதுங்க."

"ஞாயித்துக்கெழம ஒரு பொறந்த நாளு. அஞ்சு பேரு வருவோம், அப்புறம் டிரைவரு. சாப்பாடு பண்ண முடியுமா?"

"பண்ணிடலாங்க."

"கொஞ்சம் ஜோடிச்சு வெச்சா நல்லா இருக்கும்."

"ஜோடிச்சிடலாங்க."

"வழி?"

"மலை ஏறி முடிச்சதும் பெரிய பலாமரம் ஒண்ணு வரும். அதுங்கிட்ட இடது கைப்பக்கம் திரும்புனா நம்ம தோட்டந்தான்."

இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் முடிந்தால் அதில் எங்கோ ஓட்டை இருக்கும் என்று இப்போது தெரியும். அப்போது நான் என்னை மெச்சிக்கொண்டு ஃபுட்வால்வைத் துடைத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜமால் பாயின் அம்பாசடர் கார் வந்தது. முன்னால் நானும் சகலையும். பின்னால் சுமதி, ராணி, அம்மா. சகலை பாத்திக் சட்டை போட்டிருந்தார். நெஞ்சில் பெரிய பெரிய இலைகள், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கையில் வீடியோ கேமரா. அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுப்புடவையை எடுத்துவிட்டாள். பிறந்த நாளில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. மலையைப் பார்க்கப் போகிறோம் என்பதற்காக அந்தப் புடவை. கேக் டப்பா ராணியின் மடியில் இருந்தது. வழியில் படைக்கலாம் என்று ஒரு தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் வைத்து அம்மா எடுத்துக்கொண்டாள். (இந்தத் தாம்பாளத்தை அவள் கையிலேயே வைத்துக்கொண்டு இறங்கியதுதான் பின்னால் பெரிய சாட்சியமாகிவிட்டது.)

கச்சிராயபாளையம் தாண்டி, அணையைத் தாண்டி மலைப்பாதை ஆரம்பித்ததும் காருக்குள் எல்லோரும் குழந்தைகளாகிவிட்டோம். காற்று சட்டென்று குளிர்ந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே வயல்கள் சின்னதாகிக்கொண்டே போயின. அம்மா ஜமால் பாயைக் கேள்வி கேட்டே சாகடித்தாள்.

"இங்க சனங்க இன்னா சாப்புடுவாங்க?"

"சாமை, கேவுரு. அரிசியுந்தாம்மா."

"தண்ணி?"

"ஊத்து தண்ணி."

"அந்த மரத்துல தொங்குதே, அது இன்னாது?"

"கடுக்காய்."

"கடுக்கா மரத்துலயா காய்க்குது?" என்றாள் அம்மா. அவள் எண்ணத்தில் அது நாட்டுமருந்துக் கடையில் காய்ப்பது. எனக்கும் அப்படித்தான். ஆனால் சொந்த மலைக்காரன் என்ற பதவியில் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

சகலைகூடப் பினாங்கைக் கொஞ்சம் மறந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே கேமராவை நீட்டியபடி, "இவ்ளோ கிட்ட இருந்துகினு நான் ஒருநாளும் வந்ததில்லயே" என்றார். சுமதி ஒவ்வொரு திருப்பத்திலும் கழுத்தை நீட்டி அடுத்தது என்ன என்று பார்த்தாள். எனக்கு அது போதுமாயிருந்தது.

மலை ஏறி முடிந்தது. பெரிய பலாமரம் ஒன்று வந்தது.

"இதுதான்" என்றேன்.

"அதோ அங்க ஒண்ணு இருக்குதே, தம்பி" என்றார் ஜமால் பாய்.

இருந்தது. அதைவிடப் பெரியது. அதற்கு அப்பாலும் ஒன்று இருந்தது. கல்வராயன் மலையில் வழி சொல்லப் பலாமரத்தைப் பயன்படுத்துவது, கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் 'வேட்டி கட்டியவர்' என்று அடையாளம் சொல்லுவது மாதிரி என்று அப்போதுதான் புரிந்தது. அந்த நேரம் பார்த்து இடது கைப்பக்கத்திலிருந்து நாதஸ்வர கேசட் சத்தம் கேட்டது. மரத்தில் மாவிலைத் தோரணம் கட்டி, பாதை ஓரக் கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

"ஜோடிச்சிருக்காரு பாருங்க" என்றேன்.

உள்ளே போகப்போக எனக்கே வாய் பிளந்துவிட்டது. இரண்டு பக்கமும் சாமந்தியும் குரோட்டன்ஸும். மிளகுக்கொடி ஏறிய மரங்கள். மேட்டில் ஓட்டு வீடு, அதற்கு முன்னால் பந்தல். வாசலில் குலையோடு வாழைமரம், தெர்மோகோலில் வெட்டிய 'நல்வரவு'. பந்தல் நிறைய நாற்காலி, நாற்காலி நிறைய ஜனம். நான் கேட்டது கொஞ்சம் ஜோடனை. பேச்சு கம்மியான ஆள்களை நாம் சரியாக எடைபோடுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கார் நின்றதும் பத்துப் பேர் ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவர் மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு நடுத்தர வயதுக்காரர். பெயர் வீராசாமி என்று பிற்பாடு தெரிந்தது.

"வாங்க, வாங்க. காலைலருந்து ரோட்டையே பாத்துக்கினு இருக்கோம். வழி சரியா தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுதுங்க. பலாமரம் சொல்லியிருந்தாங்க."

"அதான் அடையாளமே."

"பொன்னுசாமி எங்கங்க?"

"சமையக்கட்டுல இருக்காரு. வருவாரு, நீங்க மொதல்ல உள்ள வாங்க."

எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. மனுஷர் தானே நின்று சமைக்கிறார். (மலை மேல் பொன்னுசாமிகள் பலாமரங்களைப் போல என்பதும் எனக்கு அப்போது தெரியாது.)

ஒரு அம்மாள் ஆரத்திக்கு ஆலம் கரைத்த தட்டோடு வந்து நேரே சகலைக்கு முன்னால் நின்றாள். பாத்திக் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள். பக்கத்தில் நின்றவளிடம், "மாப்ள போட்டோல கொஞ்சம் சின்னதா இருந்தாரு, இல்ல?" என்று முணுமுணுத்தாள். மாப்பிள்ளை என்றது என்னைத்தான் என்று எடுத்துக்கொண்டு நான் வயிற்றை உள்ளே இழுத்தேன்.

"இவங்களுக்குத்தாங்க எடுக்கணும்" என்று சுமதியை முன்னால் தள்ளினேன்.

"எல்லாருக்கும் சேத்துதாங்க எடுக்கறது. நவுராதீங்க" என்றாள் அந்த அம்மாள்.

சேர்ந்து நின்றோம். ஆலம் சுற்றினார்கள். சந்தனம், கல்கண்டு, பன்னீர். அம்மாவின் கையிலிருந்த தாம்பாளத்தை இருவர் பயபக்தியோடு வாங்கி மேடைக்குக் கொண்டுபோனார்கள். முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். உடனே கேசரி வந்தது. அதன் பின்னால் பொங்கல், வடை, இட்லி, இரண்டு வகைச் சட்னி.

சகலை என் காதில் சொன்னார். "நான் ஆல்பத்த காட்டுனது தப்பு, சகல. பினாங்குல இப்படி ஒண்ணு நடக்கவே நடக்காது."

"சின்னதாத்தான் பண்ணச் சொன்னேன்" என்றேன் அடக்கமாக. என் வாழ்க்கையில் அந்த அடக்கத்தைப் போல இன்பமானது வேறு கிடையாது. சுமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக இன்னும் பத்து மலை ஏறியிருப்பேன்.

ஆனால் அம்மாவுக்குக் கேசரி இறங்கவில்லை.

"டேய், ஒரு பொறந்த நாளுக்கு இத்தினி சனமா? யாருடா இவங்கல்லாம்?"

"பொன்னுசாமி சொந்தக்காரங்க."

"நம்ம சுமதி பொறந்ததுல அவங்களுக்கு இன்னாடா இவ்ளோ சந்தோசம்?"

"மலைல பாசம் ஜாஸ்திம்மா."

சொல்லிவிட்டேனே தவிர, அந்தக் கேள்வி எனக்குள்ளும் உட்கார்ந்துவிட்டது. இவ்வளவையும் எப்படிச் செய்தார், ஏன் செய்தார்? ஒரு ஃபுட்வால்வுக்கு இவ்வளவு நன்றியா?

பக்கத்தில் இன்னொரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆலம் எடுத்த அம்மாள், சகலை ராணியின் புருஷன் என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, ராணியிடம் வந்து உட்கார்ந்தாள்.

"பையன் வரலிங்களா?"

ராணி தன் ஐந்து வயது மகனைக் கேட்கிறாள் என்று நினைத்தாள். அவனைத் தன் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். "இல்லங்க. இட்டுகினு வந்தா படுத்தி எடுத்துடுவான். ஒரு எடத்துல குந்த மாட்டான்."

அந்த அம்மாள் முகம் வாடியது. "தங்கமான பையன்னு சொன்னாங்களே."

"யாரு சொன்னது? தூங்கும்போது மட்டுந்தாங்க தங்கம். சோறு ஊட்டறதுக்குள்ள நம்ம உசுரு போயிடும்."

அந்த அம்மாள் எழுந்து விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். ராணி நிம்மதியாக வடையைத் தொட்டாள்.

நான் மேடைப் பக்கம் போனேன். நீலத்துணி கட்டிய பின்புறத்தில் ஒருவர் ஸ்டூல் மேல் ஏறித் தெர்மோகோல் எழுத்துகளை ஒட்டிக்கொண்டிருந்தார். 'சு' ஒட்டியாகிவிட்டது. எனக்குப் புல்லரித்தது. மனைவியின் பெயரைப் பந்தலில் பார்க்கிற பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்குமா? அடுத்த எழுத்தை எடுத்து ஒட்டினார். 'மி'.

"அண்ணே, அது 'ம'. மேல சுழி வராது" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். "'மி'தாங்க."

"இல்லண்ணே. 'மி' போட்டா பேரே மாறிடும்."

"'மி' போட்டாத்தாங்க பேரு வரும். பொண்ணு பேரு எங்களுக்குத் தெரியாதுங்களா?"

"எம் பொண்டாட்டி பேரு எனக்குத் தெரியாதா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஒட்டியிருந்த எழுத்துகளைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். பிறகு ஸ்டூலிலிருந்து மெதுவாக, ஓசைப்படாமல் இறங்கி வீராசாமியை நோக்கி நடந்தார். ஸ்டூலுக்குக் கீழே மிச்ச எழுத்துகள் கிடந்தன. என் கண் அவற்றைத் தானாகவே கூட்டிப் படித்தது. 'த்', 'ரா'. அதற்குப் பக்கத்தில் 'செ', 'ல்', 'வ', 'ம்'. அதற்கும் பக்கத்தில் 'நிச்சய', 'தார்த்தம்'.

மலை மேல் வந்ததிலிருந்து எனக்கிருந்த எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே நேரத்தில் பதில் கிடைத்தது. சாப்பிட்ட கேசரி, கையிலிருந்த சந்தனம், மேடையில் ஏறிவிட்ட எங்கள் தாம்பாளம், எல்லாம் யாருடையவை என்று தெரிந்துவிட்டது. ஓடிவிடலாமா என்று திரும்பினேன். சகலை கேமராவை என் பக்கம் வைத்து, "அப்படியே நில்லுங்க சகல, நல்லா வருது" என்றார்.

அப்போது வெளியே ஹாரன் சத்தம். வேன் ஒன்று வந்து நின்றது. பட்டுப்புடவைகள், தட்டு வரிசைகள், முகத்தில் பயணக் களைப்போடு ஒரு பெரிய கூட்டம் இறங்கியது. வழியில் டயர் போய்விட்டதாம். நிஜமான மாப்பிள்ளை வீட்டார், சின்னசேலத்திலிருந்து.

முன்னால் வந்தவள் மாப்பிள்ளையின் அத்தை. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த என் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பி, "பொண்ணுக்கு நீங்க இன்னா வேணுங்க?" என்றாள்.

வீராசாமி நடுவில் வந்து நின்றார். "இவங்க உங்ககூட வந்தவங்க இல்லீங்களா?"

"இல்லியே. உங்க ஆளுங்கதானே?"

நாதஸ்வர கேசட்டை யாரோ நிறுத்தினார்கள். பந்தலில் இருந்த அத்தனை பேரும் எங்களையே பார்த்தார்கள். வீராசாமி என்னிடம் திரும்பினார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"நீங்க பொண்ணு வூடா, மாப்ள வூடா?"

எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"பொறந்த நாள் வூடுங்க."

வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு பெண் குபீரென்று சிரித்தாள். கல்யாணப் பெண் சுமித்ராதான் அது. ஆனால் வெளியே யாரும் சிரிக்கவில்லை. விஷயம் விளங்கியதும் அத்தையின் முகம் சிவந்துவிட்டது.

"அப்படின்னா எங்களுக்கு முன்னாடியே யாருக்கோ ஆலம் எடுத்துட்டீங்களா? மாப்ள வூட்டுக்குன்னு கரைச்ச ஆலம்." அவள் தன் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "ரோட்டுல போறவங்களுக்குச் சுத்திட்டு, மிச்சத்த நமக்குச் சுத்துவாங்களாம். இந்த எடத்துல சம்பந்தம் வேணுமான்னு யோசிச்சுக்குங்க."

வேனிலிருந்து இறங்கிய தட்டுகள் அப்படியே நின்றன. பெண்ணின் அப்பா, வீராசாமியின் தம்பி, வீட்டுக்குள்ளிருந்து வந்து கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். ஆலம் எடுத்த அம்மாள் அழுதேவிட்டாள். நான் ஆல்பத்தைப் பார்த்துச் சொன்ன ஒரு பொய்யால் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுவிடப் போகிறது. ஜன்னலில் இப்போது சிரிப்புச் சத்தம் இல்லை.

நான் மரமாக நின்றுகொண்டிருந்தேன். சுமதிதான் எழுந்தாள். அழுதுகொண்டிருந்த அம்மாளின் கையிலிருந்து தட்டை வாங்கினாள். பழைய ஆலத்தைச் செடியோரம் ஊற்றினாள். வீட்டுக்குள் போனாள். புதிதாகக் கரைத்து, வெற்றிலை மேல் சூடம் ஏற்றி, தட்டோடு வந்து அத்தையின் முன்னால் நின்றாள்.

"அத்த, அவங்க மேல தப்பு இல்ல. வழி தப்பி வந்தது நாங்க" என்றாள். "மொதல்ல எடுத்தது ஒத்திகை. நீங்க வரும்போது கை தடுமாறக் கூடாதுன்னு எங்கள வெச்சு எடுத்துப் பாத்தாங்க. நெசமான ஆலம் இதுதான். நான் எடுக்கலாம் இல்லீங்களா? இன்னைக்கு எனக்குப் பொறந்த நாளு."

அத்தை அவளையே பார்த்தாள். பட்டுப்புடவை, நெற்றியில் சந்தனம், கையில் எரிகிற சூடம். அவள் உதடு கொஞ்சம் கோணியது.

"ஒத்திகைல கேசரி எல்லாம் துன்னீங்களா?"

"வடையும்" என்றாள் சுமதி.

அத்தை சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு வேன் முழுக்கச் சிரித்தது, பந்தல் முழுக்கச் சிரித்தது. சுமதி ஆலம் சுற்றினாள். கேசட்டை மறுபடியும் போட்டார்கள். எழுத்துக்காரர் ஸ்டூலில் ஏறி, என்னை ஒரு முறை பார்த்துக்கொண்டே 'த்'தை எடுத்து ஒட்டினார். மேடையிலிருந்த எங்கள் தாம்பாளத்தை அம்மா திரும்பக் கேட்கவில்லை. "பொண்ணுக்கே இருக்கட்டும்" என்றாள்.

பிறகுதான் வீராசாமி கேட்டார். "ஆமா, நீங்க எங்க போவணும்னு வந்தீங்க?"

"பொன்னுசாமி தோட்டத்துக்கு. பம்புசெட்டு வெச்சிருக்காரே."

"அவரா? அவரு தோட்டம் அடுத்த பலாமரத்தண்ட. காலைலருந்து ரோட்டுல நின்னுகினு இருக்காரு. வரும்போது பாத்தேனே."

சிரிப்பு எனக்கு அதோடு போய்விட்டது. வயிறு முட்ட இன்னொருவர் வீட்டுச் சாப்பாடு. அங்கே ஒரு மனிதர் எங்களுக்காக வெயிலில்.

நின்றுகொண்டுதான் இருந்தார். துவைத்த சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி. காரைப் பார்த்ததும் ஏன் நேரமாயிற்று என்றுகூடக் கேட்கவில்லை. "வாங்க" என்றார்.

"டயர் போயிடுச்சு, பொன்னுசாமி" என்றேன்.

"இல்லப்பா" என்றாள் அம்மா பின்னாலிருந்து. "வேற வூட்டு நிச்சயத்துல போயி துன்னுட்டு வரோம்."

பொன்னுசாமி கார்க் கதவைத் திறந்துவிட்டார். "அங்க சாப்பாடு நல்லா இருந்திருக்குமே" என்றார்.

அவருடைய தோட்டம் மலை விளிம்பில் இருந்தது. துலுக்கச் சாமந்தி இரண்டு பாத்தி, மரவள்ளி, நான்கு ஆரஞ்சு மரங்கள். ஒரு மேசை மேல் வெளுத்த போர்வை விரித்து, கலர் காகிதம் வெட்டிக் கயிற்றில் கட்டியிருந்தார். பலாக்கிளையில் புதுக் கயிறு போட்டு ஒரு ஊஞ்சல். அவர் மனைவி உள்ளேயிருந்து ஒரு கையில் பலூனும் இன்னொரு கையில் கிலுகிலுப்பையுமாக ஆவலோடு வந்து காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கொழந்த எங்கங்க?"

பொன்னுசாமி என்னைப் பார்த்தார். நான் சுமதியைப் பார்த்தேன்.

"நான்தாங்க" என்றாள் சுமதி.

அந்த அம்மாள் கிலுகிலுப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். சுமதி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். போய் ஊஞ்சலில் உட்கார்ந்தாள். பொன்னுசாமியின் மனைவி வெட்கப்பட்டுக்கொண்டே பின்னாலிருந்து தள்ளினாள். ஊஞ்சல் முன்னால் போகும்போது அவள் கால்களுக்குக் கீழே ஒன்றுமே இல்லை, வெறும் ஆகாயம். அதற்கும் கீழே அணைத் தண்ணீர் தட்டு மாதிரிப் பளபளத்தது. அதற்கு அப்பால் பச்சை, மஞ்சள், பழுப்பு என்று வயல்கள். தூரத்தில் வெள்ளையாகப் புள்ளி புள்ளியாக ஓர் ஊர்.

"அதுதான் கள்ளக்குறிச்சிங்க" என்றார் பொன்னுசாமி. "சாயங்காலம் வெளக்கு போட்டா நல்லா தெரியும். உங்க கடை எது எதுன்னு நானும் என் சம்சாரமும் பேசிக்குவோம்."

நான் வாழ்நாள் முழுக்க மேலே என்ன இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே இருந்தவர்கள் கீழே என் கடை எது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அம்மா என் பக்கத்தில் வந்து நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் தேடினாள். "நம்ம மாடில துணி காயுதாடா பாரு" என்றாள்.

சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் போட்டார்கள். சாப்பிட இடமில்லை என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. சாப்பிட்டோம். சகலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். (திரும்பும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அதற்காக வருந்தினார்.) கேக் டப்பாவைத் திறந்தால் கேக் ஒரு மூலையில் போய் ஒண்டியிருந்தது. அதைச் சுமதி வெட்டினாள். பொன்னுசாமி ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்று, "இனிப்பா இருக்குதுங்க" என்றார்.

அதைப் படம் பிடிக்கலாம் என்று சகலை கேமராவைத் தூக்கினார். பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. கேசட் முழுக்க நிச்சயதார்த்தம்.

அந்த கேசட்டை அவர் சுமித்ரா வீட்டுக்கே பிரதி எடுத்துக் கொடுத்தார். அவர்கள் வீடியோவுக்கு ஏற்பாடு செய்யவில்லையாம். அதனால் அவர்கள் வீட்டில் இருக்கிற ஒரே நிச்சயதார்த்தப் படத்தில் மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் வெகுநேரம் நாங்கள்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. போனோம். அந்தச் சம்பந்தம் அமோகமாக அமைந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அது ஒத்திகை ஆலத்தால் வந்த அதிர்ஷ்டம் என்று மாப்பிள்ளையின் அத்தையே சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் அந்தக் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது.

அதன் பிறகு சுமித்ராவின் தம்பி நிச்சயத்துக்குக் கார் அனுப்பி எங்களை அழைத்துப் போனார்கள். வளைகாப்பு, காதுகுத்து, எல்லாவற்றுக்கும் அப்படியே. என் வீட்டில் நான் எதையாவது ஏற்பாடு பண்ணிவிட்டேன் என்று சொன்னால் என் பிள்ளைகள் அம்மாவிடம் போய், பொண்ணு வூடா மாப்ள வூடா என்று விசாரித்துவிட்டுத்தான் செருப்பு போடுகிறார்கள். அங்கேயோ எங்கள் குடும்பத்துக்கு அப்படி ஒரு மரியாதை.

போன வருஷம் சுமித்ராவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். சுமதிக்கு முழங்கால் வலி. காரிலிருந்து மெதுவாகத்தான் இறங்க முடிந்தது. ஆத்தூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாரை வாசலிலேயே நிறுத்திவைத்துவிட்டு எங்களுக்கு ஆலம் சுற்றினார்கள். மாப்பிள்ளையின் அப்பா தட்டைப் பிடித்தபடி எட்டிப் பார்த்து, "அவங்க யாருங்க?" என்றார்.

"பொறந்த நாள் வூடு" என்றார் வீராசாமி. இப்போது அவருக்குத் தலை முழுக்க நரை. "அவங்களுக்கு எடுத்துட்டுத்தாங்க எங்க வூட்ல யாருக்கும் எடுக்கறது."

மாப்பிள்ளையின் அப்பா எங்களை மரியாதையாகப் பார்த்துத் தலையசைத்தார்.

"எங்க பக்கம் அந்த வழக்கம் இல்லீங்க" என்றார்.